பெயரில்லாத பட்டன்கள்

1. ராஜா சார் ஆபீஸில்

"பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன்."

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் ஆபீஸ் அறை. ஒரு பெண்ணின் கையிலிருந்த போன் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் திரையில் விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள, அது திரும்பத் திரும்ப அதையே சொன்னது. போனில் திறந்திருந்தது நான் செய்த வெப்சைட். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைப்பானேன்? வெப்சைட் வேலையில் பதினெட்டு வருஷம் ஓட்டியவள் நான். என் சைட்டை மனுஷர்கள் குறை சொன்னாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இங்கே ஒரு போன் குறை சொல்கிறது.

அந்தப் பெண்ணின் பெயர் முத்துமாரி. ஊர் கூமாப்பட்டி. பிறவியிலேயே பார்வை கிடையாது. மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, ஆர்டர் எடுக்கும் வேலைக்கு அன்று இன்டர்வியூவுக்கு வந்திருந்தாள். முதல் பக்கத்தில் ஏதோ படம் மாற்ற வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டதால் நானும் அதே நேரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டேன்.

முதலாளியை எல்லாரும் ராஜா சார் என்போம். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவர் தேடியது போனில் வரும் ஆர்டர்களைக் கேட்டு, அவற்றைக் கம்பெனி வெப்சைட்டில் ஏற்றும் ஆளை. ஆஸ்பத்திரிக்காரர்களும் மருந்துக் கடைக்காரர்களும் அதே சைட்டில் தாங்களாகவும் ஆர்டர் போடலாம். ஆனால் பாதிப் பேர் போன் செய்துதான் சொல்வார்கள்.

ராஜா சார் பக்கத்து அறைக்குப் போய், ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு ஆபீஸ் போனுக்கு அடித்தார். ஒன்பது அயிட்டத்தை மூச்சு விடாமல் சொன்னார். முத்துமாரி ஒன்பதையும் ஒரு எண் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, "காஸ் துணி எந்த அகலம்னு சொல்லலியே சார்" என்றும் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் சைட்டைத் திறக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரில்லாத பட்டன்கள்.

"பேச்சு, ஞாபகம் எல்லாம் பிரமாதம்மா" என்றார் ராஜா சார். "ஆனா சைட்ல ஏத்தணுமே. அதுக்கு உன் பக்கத்துல ஒரு நாக்காலி போட்டு இன்னொருத்தர உக்கார வைக்கணும்னா, ஒரு வேலைக்கு ரெண்டு ஆளு ஆயிருதே."

"சைட்டு சரியா இருந்தா நானே ஏத்திருவேன் சார். ரயிலுக்கு டிக்கெட் எடுக்கேன், கரண்டு பில்லு கட்டுதேன், எல்லாம் இந்தப் போன்லதான். இதுல மட்டுந்தான் ஒண்ணும் பேச மாட்டேங்குது."

"சைட்டு சரியாத்தான் இருக்கு" என்றேன் நான், சற்று உரக்கவே.

அவள் என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "யாரு மேடம் நீங்க?"

"அந்த சைட்டச் செஞ்சவ."

"அப்படியா! மேடம், உங்க சைட்டுல பதினோரு பட்டன் இருக்கு. எண்ணிட்டேன். ஒண்ணுக்கும் பேரு இல்ல. பெத்தவுக பேரு வைக்க வேண்டாமா?"

ராஜா சார் வெடித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஏமி ரூபிம்மா, ஒரு வாரத்துல சரி பண்ண முடியுமா?" என்று என்னிடம் கேட்டார் அவர். "வார திங்கக்கெழம ஆர்டர் குமியும். அன்னைக்கு இந்தப் பொண்ணு தனியா உக்காந்து ஏத்திட்டா வேலை இவளுக்குத்தான். இல்லேன்னா நான் வேற ஆளப் பாக்கேன். என்னயத் தப்பா நெனைக்கக் கூடாது."

"ஒரு வாரம் எதுக்கு சார்? ஒரு நாள் போதும்" என்றேன். வாய்க்கொழுப்பு.

2. படம் ஒட்டும் வேலை

எங்கள் பக்கத்தில் வெப்சைட் எப்படிச் செய்வோம் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தொழில் கற்றவள். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட் என்றால் நெட்டில் தொங்கும் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. கடைக்காரர் ஒரு பென்டிரைவோடு வருவார். ஃபிளெக்ஸ் டிசைனர் செய்துகொடுத்த படம் அதில் இருக்கும். ஒரு மூலையில் சாமி, இன்னொரு மூலையில் அப்பா போட்டோ, நடுவில் சரக்கு, அதன் மேல் மின்னும் எழுத்து. "இதே மாதிரி அப்படியே போட்டுக் குடுங்க" என்பார். எழுத்துகளை நாமே டைப் செய்து போட்டால், "டல்லடிக்குதே மேடம்" என்று முகத்தைச் சுளிப்பார்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முழுப் படத்தையும் அப்படியே பக்கத்தில் போட்டுவிடுவேன். அதன் மேல், சரக்கு தெரிகிற இடங்களில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத பட்டன்களை ஒட்டிவிடுவேன். பேண்டேஜ் படத்தைத் தொட்டால் உண்மையில் தொடுவது பட்டனைத்தான். "ஃபிளெக்ஸ் மாதிரியே இருக்கே!" என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் கிடையாது.

பார்வையில்லாதவர்கள் போனில் வைத்திருப்பது ஸ்கிரீன் ரீடர். திரையில் எழுத்தாக இருப்பதை அது வாசித்துச் சொல்லும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை என் சைட்டில் அதனால் வாசிக்க முடியவில்லை. பட்டனுக்கு நான் பெயரும் கொடுக்கவில்லை. பாவம், அது வேறு என்னதான் சொல்லும்?

ராஜா சார் கம்பெனிக்கு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புதுப் படம் வரும். கம்ப்யூட்டருக்கு அகலமாக ஒன்று, போனுக்கு நீளமாக ஒன்று. பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டுவேன். மேலே இருக்கும் பட்டன்களை அசைக்க மாட்டேன். கால் மணி நேர வேலை.

அன்று ஆபீஸிலிருந்து வந்ததும் பதினோரு பட்டனுக்கும் பெயர் வைத்தேன். ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் ஒரு அயிட்டம் நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் பார்த்து, 'ரோலர் பேண்டேஜ், நாலு இஞ்ச்' என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அரை நாளில் முடிந்தது. படத்தைத் தொடவில்லை. தொட மனசு வரவில்லை. முத்துமாரிக்குப் போன் போட்டு, "முடிஞ்சிருச்சு" என்று மிதப்பாகச் சொன்னேன்.

"நான் ஒருக்கா பாத்துருதேன் மேடம்" என்றாள்.

3. பச்சை டிக்

கூமாப்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு வருகிறவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறித்தான் ஆக வேண்டும். என் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். புதன்கிழமை காலையில் அவளை அழைத்து வந்து உட்கார வைத்து, ஒரு தட்டில் பால்கோவா வைத்தேன். அவள் தட்டைத் தடவிப் பார்த்து ஓரமாக நகர்த்தினாள்.

"மொத சைட்டு. பொறவு பால்கோவா."

போன் இப்போது பெயர் சொன்னது. ரோலர் பேண்டேஜ், ரெண்டு இஞ்ச். ரோலர் பேண்டேஜ், மூணு இஞ்ச். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எண்ணிக்கைக்குப் போனாள். அங்கே நான் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மட்டும் வைத்திருந்தேன். ஒரு தட்டுக்கு ஒரு ரோல் கூடும்.

"இரநூறு ரோலுக்கு இரநூறு தட்டு தட்டணுமா மேடம்?"

"அழுத்திப் பிடிச்சா கடகடன்னு ஓடும்."

"எங்க வந்து நிக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பேப்பரில் குறித்துக்கொண்டேன். எண்ணை நேராக டைப் செய்ய ஒரு கட்டம் வேண்டும். பழைய ஆர்டர் கிளார்க் இதையேதான் இரண்டு வருஷமாகப் புலம்பினார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் ஆர்டரை அனுப்பும் பட்டனை அழுத்தினாள். போன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் காத்திருந்தாள்.

"போயிருச்சா?"

"அதான் பச்சை டிக் வந்துருச்சே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"போன வருசம் ஒரு வேலைக்கு ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டேன் மேடம்" என்றாள். "கடைசித் தேதி அன்னைக்கு. எல்லாத்தையும் ஏத்தி, அனுப்புற பட்டன அமுக்கிட்டேன். போனு ஒண்ணும் பேசல. சரி, போயிருக்கும்னு விட்டுட்டேன். ஏதோ ஒரு கட்டத்த நிரப்பலன்னு செவப்பா காட்டுச்சாம். மறுநா தம்பி பாத்துட்டுச் சொன்னான். அது போகவே இல்ல."

"அந்த வேலை?"

"தேதி முடிஞ்சு போச்சுல்லா. இந்த வேலையும் அப்படிப் போயிரக் கூடாதுன்னுதான் உங்களப் போட்டு உசுர வாங்குதேன்."

அவள் எழுந்து பஸ்ஸுக்குப் போனாள். பால்கோவா அப்படியே இருந்தது. அதுவரை என் சைட்டின் மானத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் வேலைக்காகச் செய்தேன். எண்ணுக்குக் கட்டம் போட்டேன். ஆர்டர் போனதும் அதை எழுத்தால் சொல்ல வைத்தேன். தப்பு இருந்தால் எங்கே தப்பு என்று சொல்ல வைத்தேன். படம் மட்டும் அப்படியே இருந்தது.

4. மூன்றாவது பட்டன்

சனிக்கிழமை கம்பெனியிலேயே ஒத்திகை. முத்துமாரி பேக்கிங் ஹாலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனில் பழகிக்கொண்டிருந்தாள். நான் சற்றுத் தள்ளி லேப்டாப்பில் இருந்தேன்.

பேக்கிங் பார்ப்பவர் ஞானதுரை அண்ணன். சோழபுரத்துக்காரர். அவருக்கு அப்போது நேரம் சரியில்லை. ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து பண்டல்கள் திரும்பி வந்தபடி இருந்தன. நாலு இஞ்ச் கேட்ட ஆஸ்பத்திரிக்கு ஆறு இஞ்ச், ஆறு கேட்டவருக்கு நாலு. "இன்னொரு தடவ திரும்பி வந்துச்சுன்னா பேக்கிங்குக்கு வேற ஆளு போட்டுருவேன்" என்று ராஜா சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "ஆர்டர் சீட்டுல என்ன வருதோ அதத்தான் சார் கட்டுதேன்" என்று அண்ணன் சொன்னது எடுபடவில்லை.

முத்துமாரி அவரைக் கூப்பிட்டாள். "அண்ணே, செத்த நேரம் இங்க உக்காருங்க. எந்தப் பட்டன் எந்த எடத்துல இருக்குன்னு எனக்கு வெரலுக்குப் பழகணும். நான் தொடுத எடத்துல என்ன படம் இருக்குன்னு சொல்லுங்க."

அவர் துணித்தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். முதல் பட்டன், ரெண்டு இஞ்ச். சரி. இரண்டாவது, மூணு இஞ்ச். சரி. மூன்றாவதைத் தொட்டாள்.

"நாலு இஞ்ச் மேல வச்சிருக்க, தாயி."

போன் சொன்னது: "ரோலர் பேண்டேஜ், ஆறு இஞ்ச்."

"ஆறுங்குதே அண்ணே."

"நாலுன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு."

"நல்லாப் பாருங்க அண்ணே."

"ஏம்மா, நான் பாக்காம வேற யாரு பாக்குறது?"

இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. தீர்ப்புச் சொல்லலாம் என்று எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

இரண்டு பேரும் சொன்னது சரி. போனுக்கான புதுப் படத்தில் டிசைனர் வரிசையை மாற்றியிருந்தார். ஆறு இஞ்ச் இருந்த இடத்தில் நாலு, நாலு இருந்த இடத்தில் ஆறு. நான் படத்தை மட்டும் மாட்டிவிட்டு, மேலே இருந்த பட்டன்களைச் சரிபார்க்காமல் விட்டிருந்தேன். கம்ப்யூட்டருக்கான படத்தில் வரிசை மாறவில்லை. அதனால் ஆபீஸில் ஏற்றிய ஆர்டர் எல்லாம் சரியாகப் போயிற்று. போனில் படத்தைப் பார்த்து நாலு இஞ்சைத் தொட்டவர்களுக்கு ஆறு இஞ்ச் பதிவாகியிருக்கிறது. கடைசியில் பச்சை டிக்கைத் தவிர வேறெதையும் நான் காட்டாததால் அவர்களுக்கும் தெரிய வழியில்லை. சீட்டில் ஆறு என்று வந்தது. அண்ணன் ஆறு கட்டினார்.

கண் தெரிந்த அத்தனை பேரும் படத்தை நம்பினோம். முத்துமாரிக்குப் படமே கிடையாது. பட்டன் உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவள்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு நிமிஷ வேலை. இரண்டு பட்டனை இடம் மாற்றிவிட்டு, 'இப்பப் பாருங்க, சரியா இருக்கும்' என்று சொல்லியிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு வந்தது. பக்கத்தில் அண்ணன், "என்னம்மா, எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா?" என்று நிஜமாகவே கவலையோடு கேட்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நேராக ராஜா சார் அறைக்குப் போனேன்.

"சார், பண்டல் திரும்பி வந்ததுக்குக் காரணம் ஞானதுரை அண்ணன் இல்ல. நான்."

அவர் முழுவதும் கேட்டார். திரும்பி வந்த ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். அத்தனையும் வாடிக்கையாளர்கள் தங்கள் போனில் சைட்டைத் திறந்து தாங்களாகவே போட்ட ஆர்டர்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. தெலுங்கிலும் தமிழிலும் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது. பிறகு எழுந்து பேக்கிங் ஹாலுக்குப் போனார்.

"அண்ணாச்சி, தப்பு உங்க மேல இல்ல" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் பேசுனதுதான் தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

அண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல சார்" என்றார்.

5. திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தேன். படத்தைக் கழற்றி எறிந்தேன். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரி, உண்மையான எழுத்தில். பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோ. பெயருள்ள பட்டன். அனுப்பும் முன்னால் கேட்ட சரக்கு முழுவதையும் ஒரு பட்டியலாகக் காட்டும் பக்கம். மௌஸ் இல்லாமல் கீபோர்டிலேயே எல்லாம் நடக்கும்படி செய்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் படம் ஒட்டிய நேரத்துக்கு இதைச் செய்திருக்கலாம்.

திங்கள் காலை முத்துமாரி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் போட்டு, ஒரு காதில் அதன் குரலும் மறுகாதில் போனுமாக உட்கார்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ராஜா சார் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். நான் அதைப் பார்த்தேன். அவள் கையை நீட்டித் தடவி, நாற்காலி என்று தெரிந்துகொண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

முதல் போன் வந்தது. கேட்டாள், திருப்பிச் சொன்னாள், விரல்கள் கீபோர்டில் ஓடின. அடுத்த போன். அதற்கடுத்த போன். மானிட்டரை யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். ஒரு ஆர்டரில் எண் போட மறந்துவிட்டாள். சைட் உடனே அவளுக்கு அதைச் சொன்னது. தலையை ஆட்டி, திருத்தி, அனுப்பினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராஜா சார் சுவரோரமாக நின்று புதுப் பக்கத்தைப் பார்த்தார். "கொஞ்சம் டல்லா இல்ல ரூபிம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. தென்காசி பக்கத்து மருந்துக் கடைக்காரர், வயசானவர். ராஜா சார் ஸ்பீக்கரில் போட்டார். "சார், சைட்ட மாத்திட்டியளா? இன்னைக்குத்தான் கண்ணாடி இல்லாம நானே படிச்சு ஆர்டர் போட்டேன். இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?"

ராஜா சார் அதற்குப் பிறகு டல் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

மத்தியானம் ஞானதுரை அண்ணன் சீட்டுக் கட்டோடு வந்தார். ஒவ்வொன்றையும் ஆர்டர் கொடுத்தவர்களுக்கே போன் செய்து ஒத்துப் பார்த்திருந்தார். "ஒரு பிசகு இல்ல சார்" என்றார்.

ராஜா சார் முத்துமாரி பக்கத்திலிருந்த காலி நாற்காலியைக் கையில் எடுத்தார். "அண்ணாச்சி, இத பேக்கிங்ல கொண்டு போடுங்க. இங்க இதுக்கு வேலை இல்ல" என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டு முத்துமாரி டைப் அடிப்பதை நிறுத்தினாள். பிறகு முகம் முழுவதும் சிரிப்பாக, அடுத்த போனை எடுத்தாள்.

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கினோம். "என்ன மேடம், எம் பால்கோவா எங்க?" என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே வாங்கிக் கொடுத்தேன். நின்றபடியே தின்றாள்.

"ஏட்டி, மெதுவா. உன் பஸ்ஸு போயிராது."

"போனா போகட்டும் மேடம். நாளைக்கும் இதே வழியாத்தான் வாரேன்" என்றாள்.

இப்போதெல்லாம் முத்துமாரி கேட்டுச் சரி சொல்லாமல் நான் எந்த சைட்டையும் ஒப்படைப்பதில்லை. அந்தப் பால்கோவாக் கடையின் சைட்டையே இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். அவளுக்கு அதற்குத் தனியாகச் சம்பளம் உண்டு.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சைட்டை முடித்ததும் மானிட்டரை அணைத்துவிட்டு, ஸ்கிரீன் ரீடரைப் போட்டு, நீங்களே ஒரு ஆர்டர் அனுப்பிப் பாருங்கள். அனுப்ப முடியவில்லையென்றால், உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.